எட்டு டம்ளர் காப்பி

அன்புள்ள மருமகளுக்கு,

டிகாக்‌ஷனை முதலில் ஊற்றினாயா, பாலை முதலில் ஊற்றினாயா என்று பாட்டி ஒரு வாய் குடித்தே சொல்லிவிட்டாளாமே! அவசரப்படாதே. ஒரே டம்ளர் என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும்.

1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலும் இதே வழக்குதான், தேநீரை வைத்து. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் நீட்டிய கோப்பையை மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர் வாங்கவில்லை. பாலை முதலில் ஊற்றியதுதான் அவருக்கு வேண்டுமாம். உடனே ஒரு சோதனை வைத்தார்கள். ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்காகவே விரித்தார்: எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நாலைப் பொறுக்க 70 வழி உண்டு. ஆகவே எல்லாம் தற்செயலாகச் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் நாலில் குறைந்தது மூன்று சரியாக அமைய 17 வழி, கிட்டத்தட்ட கால்வாசி! பாட்டி மூன்றைச் சரியாகச் சொன்னால் வீடே கைதட்டும், ஃபிஷர் தட்டமாட்டார்.

நீயும் எட்டு டம்ளர் கலக்கு. வரிசையை மட்டும் நீயே போடாதே. மாற்றி மாற்றித்தான் வைப்பாய். பாட்டி காப்பியை விட்டுவிட்டு உன் புத்தியைப் படித்துவிடுவாள். திருவுளச்சீட்டு எடு. கிரிக்கெட்டில் டாஸ் போடுவதும் ஒருதலைப்பட்சம் வராமலிருக்கத்தானே? உரச் சோதனையிலும் இதே கதைதான்: வயலில் ஒரு மூலை இயல்பாகவே வளமாக இருக்கும். புது உரத்தை அங்கே போட்டால் மண்ணின் புகழ் உரத்துக்குப் போய்விடும். அதனால்தான் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதையும் குலுக்கலுக்கே விடச் சொன்னார் ஃபிஷர்.

கலக்கியவர் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆற்றவும் வேண்டாம், நுரை காட்டிக்கொடுக்கும். சூடும் ஒன்றாக இருக்கட்டும். எத்தனை சரியானால் ஒப்புக்கொள்வது என்பதை முன்பே எழுதி வை. தெருக் கிரிக்கெட்டில் அவுட் ஆனதும் ‘ட்ரையல் பால்’ என்பான் பார், பாட்டியும் கடைசியில் பால் மேல்தான் பழி போடுவாள்.

பிரிஸ்டல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்பார்கள். ஃபிஷரின் நூலில் முடிவே இல்லை. நீ முடிவையும் எழுது. டம்ளருக்கு இரண்டு வாய் போதும், அதுவும் காலையிலேயே. சாயங்காலம் கொடுத்தால் இராத்திரி தூங்கமாட்டாள்.

அன்புடன்,
மாமா