பிளக் நுழைந்தால் மட்டும் போதுமா?



திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டு அன்பர்களில் பலர் மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். அரிசி, பருப்பு, தயிர் வாங்க நம் கடைக்கு வருகிறவர்கள் பிளக் அடாப்டரும் கேட்கிறார்கள். கேட்கும் சரக்கை வாங்கி வைப்பது வணிகனின் இயல்பு. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய கடைகளிலும் பேட்டரி அட்டைக்குப் பக்கத்தில் அடாப்டர் தொங்குகிறது. ஆனால் அதைப் பற்றி நாம் தெரிந்து வைத்திருப்பது மிகக் குறைவு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் அடாப்டர் கேட்டார். கடைக்காரர் கொடுத்தார். அறைக்குப் போய், தலைமுடி உலர்த்தும் கருவியை அதில் சொருகிப் போட்டார். சில நொடிகளில் கருவி புகைந்தது. பிளக் பாயிண்டும் கருகியது. நல்ல வேளையாகத் தீ பரவவில்லை. மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது, "நீங்கள் கேட்டதைத்தானே கொடுத்தேன்" என்றார் கடைக்காரர். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அம்மையார் மறுபடி அந்தக் கடைப்படி ஏறவில்லை.

அடாப்டர் செய்யும் வேலை

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றித் தருகிறது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் அப்படியே 230 வோல்ட்டாக உள்ளே போகிறது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அந்த ஊருக்கென்று மட்டும் செய்த கருவி நம் மின்சாரத்தைத் தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூடேற்றும் கருவியில் வோல்ட் இரண்டு மடங்கானால், இழுக்கும் மின்திறன் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 1,500 வாட் எடுக்கும் கருவி 230 வோல்ட்டில் சுமார் 5,500 வாட் எடுக்கப் பார்க்கும். நம் வீட்டின் 5 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவதோ ஏறக்குறைய 1,150 வாட். மீதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைப் படிக்கும் முறை

ஒவ்வொரு சார்ஜரின் முதுகிலும் பொடி எழுத்தில் ஒரு சீட்டு உண்டு. அதில் 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

1. 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். இன்றைய செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகையே. இவற்றுக்கு அடாப்டர் மட்டும் போதும்.

2. 120 வோல்ட் என்றோ 100 வோல்ட் என்றோ ஒரே எண் இருந்தால் அடாப்டர் கொடுக்கக் கூடாது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் வாட் அளவு கருவியின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கைக்கு அடக்கமாக, எடையே இல்லாமல் வரும் சில கன்வெர்ட்டர்கள் சூடேற்றும் கருவிகளுக்கு மட்டும் ஆனவை. மின்னணுச் சாதனங்களுக்கு உதவா.

3. சில கருவிகளில் 125, 250 என்று மாற்றும் சிறு திருகு இருக்கும். முதலில் அதைத் திருப்பிவிட்டுத்தான் சொருக வேண்டும்.

எர்த் விஷயம்

ஐரோப்பாவின் இரண்டு உருண்டைப் பின் பிளக் நம் பாயிண்டில் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் பிடிப்பு தளர்வாக இருக்கும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். அங்கே எர்த் இணைப்பு பிளக்கின் பக்கவாட்டில் இருப்பதால் நம் பாயிண்டோடு சேராது. உலோக உடல் கொண்ட கெட்டில், இஸ்திரிப் பெட்டிக்கு எர்த் இணையும் அடாப்டர்தான் பாதுகாப்பு.

நாம் வெளிநாடு போகும்போது

நம் மூன்று உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற வடிவம். அவர்களே 1947-இல் சதுரப் பின்னுக்குத் தரம் வகுத்து மாறிக்கொண்டார்கள்; நாம் பழையதை வைத்துக்கொண்டோம். ஆகவே பல நாடுகளில் நமக்கு அடாப்டர் தேவைப்படும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், பிரிட்டன்: மூன்று சதுரப் பின். வோல்ட் நம்முடையதை ஒட்டியதே.

இலங்கை: 230 வோல்ட். பழைய கட்டடங்களில் உருண்டைப் பின், புதியவற்றில் சதுரப் பின்.

சீனா: 220 வோல்ட். இரண்டு தட்டைப் பின், அல்லது சாய்ந்த மூன்று தட்டைப் பின். குவாங்சோ நகரில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கண்காட்சிக்குச் செல்வோர் குறித்துக்கொள்ளலாம்.

சவூதி: 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், சதுரப் பின். பழைய கட்டடங்களில் 127 வோல்ட்டும் இருக்கலாம். ஹஜ், உம்ரா செல்வோர் விடுதியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டைப் பின்.

சதுரப் பின் பாயிண்டின் துவாரங்கள் உள்ளே மூடியிருக்கும். எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கும் நம்மவர்களில் சிலர் பேனாவை மேல் துவாரத்தில் குத்தித் திறந்து, இரண்டு பின் பிளக்கைத் திணிப்பதுண்டு. சில நூறு ரூபாய் அடாப்டரை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்கலாமா?

மகளுக்கு மிக்சி வாங்குகிறவர்

இன்னொரு வாடிக்கையாளரும் நம்மிடம் வருகிறார். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மிக்சி வாங்கி அனுப்பும் தகப்பனார் அவர். நம் 230 வோல்ட் மிக்சி அங்கே எரியாது. ஆனால் திறன் இல்லாமல் முனகும், சட்னி அரைபடாது. அதற்கென்றே 110 வோல்ட் மிக்சி, கிரைண்டர் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. அதைச் சொல்லி வரவழைத்துக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் வைத்து நம் ஊர்க் கிரைண்டரை ஓட்டலாம் என்று நினைப்பவரிடம், 60 ஹெர்ட்ஸில் அதன் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும் என்பதையும் சொல்லுங்கள். வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது.

அதேபோல் சிங்கப்பூரிலோ சீனாவிலோ மலிவாகக் கிடைக்கிறதென்று மின்னணுத் தராசு வாங்கி வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். வோல்ட் பொருந்தினாலும், எடையளவுச் சட்டப்படி முத்திரை இல்லாத தராசில் கடையில் எடை போட்டு விற்க முடியாது.

கல்லாவில் இருந்து கேட்க வேண்டியவை

அடாப்டர் கேட்டு வருகிறவரிடம் மூன்றே கேள்விகள் போதும். எந்த நாட்டுச் சாதனம்? என்ன சாதனம்? அதன் சீட்டில் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறது? சீட்டு கையில் இல்லையென்றால், செல்போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் சுடவைப்பது, முடி உலர்த்துவது, துணி தேய்ப்பது என்றால் இரண்டு முறை பாருங்கள்.

"அடாப்டர் பின்னை மாற்றும், வோல்ட்டை மாற்றாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி, அடாப்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவையுங்கள்.

அந்த அம்மையாருக்குப் பிளக் பொருந்தவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. வோல்ட்டைப் பற்றிக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. வாங்குகிறவருக்குக் கேட்கத் தெரியாததை விற்கிறவர் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு அடாப்டர் விற்காமல் போனால் சில ரூபாய்தான் நஷ்டம். கடையின் பெயர் கெட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?