திரைப்படமும் பிரதேசப் பண்பாடும்

ஒரு பிரதேசத்தின் பண்பாட்டை இலக்கியம் காட்டுவது போலத் திரைப்படமும் காட்டவல்லது. மலையாளப் படவுலகம் இதற்குத் தக்க சான்றாகும்.

அயல்மொழிப் பட மெட்டுகளைப் பின்பற்றி வந்த அவ்வுலகம், 1954 ஆம் ஆண்டில் 'நீலக்குயில்' மூலம் தன் குரலைக் கண்டது. தீண்டாமைக் கொடுமையைச் சாடும் அக்கதையை எழுதியவர் உறூபு. கேரள நாட்டுப்பாடல் மெட்டுகளை இசையிற் புகுத்தியவர் கே. இராகவன். தகழி சிவசங்கரப்பிள்ளையின் நாவலைத் தழுவிய 'செம்மீன்' 1965 இல் வெளிவந்து, இந்திய சனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. கரையிலுள்ள மனைவியின் கற்பே கடலிற் சென்ற கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கை அதன் உயிர்நாடி. அந்நம்பிக்கையைப் படம் பலர் மனத்திற் பதித்தது. பழியையும் பெண் மீதே சுமத்திற்று. எனவே, திரைப்படம் கண்ணாடி மட்டுமன்று. வாழ்வை வார்க்கும் அச்சுமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் வாழும் எமக்கும் கடல் புதிதன்று. நெடுந்தீவுக் கடற்றொழிலாளரைப் பற்றிய செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலும் 1978 இல் ஈழத்திற் படமாயிற்று. பிறேம்நாத் மொறாயஸ் அதனை நெறிப்படுத்தினார். ஆயினும் சந்தை சிறிது. தமிழகப் படங்களின் போட்டி பெரிது. 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரியுண்டது.

எனினும் யாம் சோர்வடைய வேண்டியதில்லை. மேற்கூறிய மூன்று படங்களுக்கும் மூலம் எழுத்தாளரின் பேனாவே. மாணவர்காள்! எம் கரையோர மக்களின் பேச்சையும் பாட்டையும் துயரையும் முதலில் எழுதிவைப்பீராக. எழுத்து முந்தினால் படம் பிந்தியேனும் வரும்.