புல்லைத் தடவியது போதும், புரட்டிப் பாருங்கள்

மொட்டைமாடி, கல்யாண மண்டப மேடை, ஜவுளிக்கடை வாசல், நர்சரிப் பள்ளியின் விளையாட்டு மூலை, ஊருக்கு வெளியே வலை கட்டி வாடகைக்கு விடும் ‘டர்ஃப்’ மைதானம் என்று செயற்கைப் புல் வராத இடமே இப்போது இல்லை. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேற்புறத்தைத் தடவி, “மெத்துன்னு இருக்கே” என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இழையைப் பிடித்து வைத்திருப்பதோ அடிப்புறம். போதாததற்கு நம் சிவகாசி, விருதுநகர் பக்கம் வெயில், கரிசல் மண், பட்டாசு என்று மூன்று இருக்கின்றன. வெளியூர்க் கடைக்காரர் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பொருந்தும்.

தயாரிப்பு முறை தெரிந்தால் ஏமாறுவது குறையும். சிமெண்ட் மூட்டைச் சாக்கு எந்தப் பாலிப்ரொப்பிலீன் நாடாவில் நெய்யப்படுகிறதோ, அதே நாடாவில் நெய்த துணிதான் அடித்தளம். நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக இறங்கி, பாலிஎத்திலீன் இழையை அதில் குத்தித் தைக்கின்றன. பெரும்பாலான கார்ப்பெட்டுகளுக்கும் இதே முறைதான். அமெரிக்காவின் டால்டன் ஊரில் கட்டில் விரிப்புக்காகக் கையால் செய்த வேலை, பின்னால் இயந்திரத்துக்கு மாறியது. இந்த நிலையில் இழை வெறுமனே செருகப்பட்டுத்தான் நிற்கும், இழுத்தால் வந்துவிடும். அதனால் பின்பக்கம் லேடெக்ஸ் பசையோ பாலியூரித்தேன் பசையோ பூசி, சூட்டு அறைக்குள் ஓட்டிக் காயவைக்கிறார்கள். கடைசியில் நீர் வடிய ஏறத்தாழ 10 செ.மீ.க்கு ஒன்றாக ஓட்டை சுடுகிறார்கள். 1960-களுக்கு முன் கார்ப்பெட்டின் அடித்துணி சணலாக இருந்தது. வங்காளத்து ஆலைகளிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பாலிப்ரொப்பிலீன் வந்து அந்த வியாபாரத்தைப் படுக்கவைத்தது. சிவகாசிக்காரர்களுக்குச் சணல் என்றால் அணுகுண்டு வெடியில் சுற்றும் கயிறுதான் நினைவுக்கு வரும்.

செய்ய வேண்டியவை

• ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கிச் சோதியுங்கள். பின்பக்கம் வெளியே தெரிய மடித்து, மடிப்பை நகத்தால் கீறுங்கள். வெள்ளை மாவாக உதிர்ந்தால் பசையில் ரப்பர் குறைவு, சுண்ணாம்புக்கல் பொடி அதிகம். அடுத்து ஓர் இழைக்கற்றையைக் குறடால் பிடித்து, தொங்கு தராசின் கொக்கியில் மாட்டி இழுங்கள். கால்பந்து மைதானப் புல்லுக்கு ஃபிஃபா கேட்பது குறைந்தது 40 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 4 கிலோ இழுவை. ஒரு கிலோவுக்கே கையோடு வந்துவிட்டால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு. பிறகு துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி இழுங்கள். லேடெக்ஸ் ஈரத்தில் பிடி தளரும். பாலியூரித்தேன் அவ்வளவாகத் தளராது. ஐப்பசி மழையில் நனையப்போகும் இடத்துக்கு எது வேண்டும் என்பதை அந்தத் துண்டே சொல்லிவிடும்.

• பசையில் கலந்த பொடி என்ன என்று கேளுங்கள். வழக்கமாகச் சுண்ணாம்புக்கல் பொடி. தீ பரவாமல் இருக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கலப்பதும் உண்டு. சுமார் 200 டிகிரியில் அது தண்ணீரை ஆவியாக விட்டு நெருப்பை அமுக்கும். பட்டாசுக்கு வெள்ளை ஒளி கொடுக்கும் அதே அலுமினியம் இந்த உருவில் தீயணைப்பு வேலை பார்க்கிறது. விலை கூடும்தான். மாடிக்கும் மண்டபத்துக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பேன்; சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

• கரிசல் மண்ணை மதியுங்கள். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து நிலம் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நேராகப் புல் விரித்தால் ஒரே வருடத்தில் மேடுபள்ளமாகி இணைப்பெல்லாம் வாய் பிளக்கும். ஓர் அடிக்குக் குறையாமல் கரிசலை அள்ளிவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். அதன்மேல் ஜல்லி, பிறகு பேபி ஜல்லி, கடைசியில் மெல்லிதாகக் கிரஷர் துகள். நூறடிக்கு ஓரடி சரிவு இருக்கட்டும். செலவைப் பார்த்து இந்த வேலையைக் குறைக்கிறவர்கள்தான் அதிகம். புல்லில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

• சுருளைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் போட்டபிறகு வெட்டுங்கள். வெட்டும்போது பின்பக்கமிருந்து, இரண்டு தையல் வரிசைக்கு நடுவே.

• எல்லாச் சுருளின் இழையும் ஒரே திசையில் சாயும்படி விரியுங்கள். இணைப்புக்கு அடியில் டேப் வைத்து, அதற்கான பாலியூரித்தேன் பசை போடுங்கள்.

• இழைகளுக்கு இடையே கொட்டும் நிரப்பு மணல் கழுவிக் காய்ந்த, உருண்டை மணியான சிலிக்கா மணலாக இருக்கட்டும். எம்-சாண்டின் கூர்முனை இழையை அறுக்கும். அதன் தூள் வடிகால் ஓட்டையை அடைக்கும்.

• பட்டாசு ஆலை வைத்திருப்பவர்கள், வேலை அறைத் தரைக்குப் புல்லை விட்டுவிட்டு, மின்சாரம் கடத்தும் ரப்பர் விரிப்பையே போடுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கடத்தும் ரப்பர் ஆகிவிடாது. கார்பன் சரியான அளவில் கலந்திருந்தால்தான் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அதன் வழியே எர்த்துக்குப் போகும். பழைய டயரை அரைத்து ஒட்டிய விரிப்பும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். தகுதியான எலெக்ட்ரீஷியனை வைத்து மின்தடையை அளந்து, எர்த் இணைப்பையும் சோதித்து, தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். மேலே பெயின்ட்டோ மருந்துத் தூளோ படிந்தால் நல்ல விரிப்பும் கடத்தாது.

செய்யக்கூடாதவை

• மருந்து கலக்கும் அறை, திரி அறை, மருந்து செலுத்தும் அறை, அவற்றின் வாசற்படி எதிலும் செயற்கைப் புல், நைலான் கார்ப்பெட், பிளாஸ்டிக் பாய் கூடவே கூடாது. சிவகாசிக்குப் பட்டாசைக் கொண்டுவந்ததே வறண்ட காற்றுதான். நிலைமின்சாரம் நிற்பதும் அதே வறண்ட காற்றில்தான். பாலிப்ரொப்பிலீன் மேல் கால் தேய்த்து நடந்தால் உடம்பு மின்னேற்றம் அடையும். சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். நாம் உணராத பொறியே காற்றில் பறக்கும் கந்தகத் தூசிக்குப் போதும். பருத்தி உடை, வாசலில் தொட்டுவிட்டு உள்ளே போகும் செப்புத் தகடு என்று இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ‘கால் வலிக்குது’ என்று ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்தால் அத்தனையும் வீண். போர்மேன்கள் இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

• தீபாவளிப் பட்டாசுக் கடையைப் பச்சைப் புல்லால் அலங்கரிக்காதீர்கள். தற்காலிகக் கடை தீப்பற்றாத பொருளால் இருக்க வேண்டும், கடைக்குக் கடை குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் இருக்கிறது. தகரக் கொட்டகை போட்டு அதற்குள் பிளாஸ்டிக் புல் விரித்தால், விதி வாசலோடு நின்றுவிடும்.

• மாடிப் புல்மேல் கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தாதீர்கள். அந்தப் பொறியின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். பாலிஎத்திலீன் 120 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். பக்கத்துத் தெரு ராக்கெட் உங்கள் மாடியைக் கேட்டுக்கொண்டு விழாது. தீபாவளிக்கு முதல் நாளே சுருட்டி உள்ளே வையுங்கள். முடியாவிட்டால் நன்றாக நனைத்து, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

• எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி வெயிலை எதிரொளிக்கும் இடத்தில் விரிக்காதீர்கள், இழை சுருண்டுவிடும்.

• எடையை மட்டும் நம்பாதீர்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் இழை எவ்வளவு, பசை எவ்வளவு, பொடி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

• சித்திரை வெயிலில் பகல் பதினொன்றுக்குமேல் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், கறுப்பு ரப்பர் துகள் கொட்டியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் குளிரும். நம் ஊர்த் தண்ணீர் நிலவரத்தில் தினமும் தெளிக்கவா முடியும்? உப்புக் கிணற்றுத் தண்ணீரென்றால் இழைமேல் வெள்ளை படியும். ரப்பர் துகளுக்கு இன்னொரு குறை: காலோடும் மழையோடும் வெளியேறி மண்ணில் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பிளாஸ்டிக், ரப்பர் நிரப்புத் துகள் விற்பனைக்கு 2031 அக்டோபர் முதல் தடை விதித்திருக்கிறது. மாற்றாகத் தென்னை நார்த்துகளைச் சொல்கிறார்கள். ராஜபாளையம் பக்கம் தேங்காய்க்குக் குறைவில்லை. ஆனால் ஈரம் இல்லாவிட்டால் அது காற்றில் பறந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு வெறும் மணல் நிரப்பே போதும்.

• ஹாக்கி டர்ஃபைப் பார்த்துக் கால்பந்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். கோவில்பட்டியிலும், 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை நடந்த மதுரையிலும் இருப்பது குட்டை இழையாக, அடர்த்தியாகத் தைத்தது. கால்பந்துக்கு 40 முதல் 60 மி.மீ. வரை உயரமான இழையும் மணல் நிரப்பும் வேண்டும்.

• தேய்ந்த புல்லைக் கொளுத்தாதீர்கள். மேலே ஒரு பிளாஸ்டிக், அடியில் வேறு பிளாஸ்டிக், நடுவில் ரப்பர், சுண்ணாம்பு என்று ஒட்டிக் கிடப்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்துவது கடினம். பழைய இரும்புக் கடைக்காரரும் எடுக்கமாட்டார். விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று பில் போடும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.