பாத்டப் ஓரத்து இடைவெளி: உங்கள் அடுத்த கான்ட்ராக்ட் அங்கேதான்

திண்டிவனத்தில் டைல்ஸ் ஒட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வெளிமாநில டீம்களும் களத்தில் இருக்கிறார்கள். சதுர அடி ரேட்டைக் குறைத்து அவர்களை ஜெயிக்கப் பார்த்தால், கடைசியில் சித்தாள் கூலிதான் மிஞ்சும். மற்றவர்கள் சொதப்பும் வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டுங்கள். நீங்கள் கேட்கும் ரேட் கிடைக்கும்.

அப்படி ஒரு வேலை பாத்டப். நம்ம ஊர் வீடுகளில் அது அபூர்வம். ஆனால், சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. மரக்காணம் போனால் ஈசிஆர். அங்கே ரிசார்ட்டும் கெஸ்ட் ஹவுஸும் டப் கேட்கின்றன. டப்புக்கும் சுவருக்கும் நடுவே விழும் இடைவெளியை டைல்ஸுக்கு முன்பே சரியாக அடைக்கத் தெரிந்தவருக்குத்தான் இஞ்சினியர் திரும்ப போன் செய்வார்.

1. காரணத்தைச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்

200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அதில் ஆளும் இறங்கினால் அக்ரிலிக் டப் மயிரிழை அளவு கீழே போகும். சுவர் போகாது. நடுவில் சிமென்டோ கிரவுட்டோ திணித்திருந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் கீழ்த்தள சீலிங்கில் ஈரமாகத் தெரியும். இதைச் சைட்டில் நாலு வரியில் விளக்குங்கள். 'கூலிக்கு வந்தவர்' என்ற பார்வை மாறிவிடும்.

2. அளந்துவிட்டுப் பேசுங்கள்

இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில் டேப் வையுங்கள். ஒரே அளவு வராது. டப்பை நகர்த்தி இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். டைலும் பசையும் சேர்ந்தாலே 12 முதல் 15 மி.மீ. கனம் வரும். ஆகவே அரை இன்ச் இடைவெளியை, டப் விளிம்புக்கு மேல் வந்து உட்காரும் டைலே மறைத்துவிடும். அதற்கும் மேல் என்றால் சிமென்ட் போர்டு வைத்துச் சுவரை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு இன்ச்சைத் தாண்டினால் சின்னத் திட்டு கட்டி, டப் பக்கம் வாட்டம் கொடுங்கள். பிளைவுட் வேண்டாம், ஊறி உப்பும்.

3. வரிசை மாறக்கூடாது

முதலில் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். அது காய்ந்த பிறகு, இடைவெளியில் பேக்கர் ராட் எனப்படும் நுரைக் கயிற்றைச் செருகுங்கள். அடுத்து டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். டப் முழு எடையில் இறங்கி நிற்கும்போதுதான் சிலிக்கான் போட வேண்டும். 24 மணி நேரம் தண்ணீரை வெளியேற்றாதீர்கள். டைல் ஒட்டும்போது, அடி வரிசைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு நூல், அதாவது 3 மி.மீ., விடுங்கள். அங்கே கிரவுட் போகக்கூடாது. மறுபடி டப்பை நிரப்பி, சிலிக்கான் மட்டும் போடுங்கள். ஆக, மறைவில் ஒரு சீல், வெளியே ஒரு சீல்.

4. மெட்டீரியலில் ஏமாறாதீர்கள்

பூஞ்சை பிடிக்காத சானிட்டரி கிரேட் சிலிக்கான் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் ரகம் மார்பிளைக் கறையாக்கும். அங்கே நியூட்ரல் ரகம்தான். டைல் பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் டைல் பசை பிடிக்காது. எனவே மாஸ்கிங் டேப் ஒட்டி, சுவரில் பரவாமல் வேலை செய்யுங்கள்.

5. மறையப்போவதை போட்டோ எடுங்கள்

டைல் ஒட்டிய பிறகு உங்கள் திறமை யார் கண்ணுக்கும் தெரியாது. கோட்டிங், ராட், தண்ணீர் நிரம்பிய டப் என ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நாளை ஒழுகல் புகார் வந்தால் அது உங்கள் சாட்சி. புது கஸ்டமருக்கு அதுவே உங்கள் ரெஸ்யூமே.

6. கொட்டேஷனில் தனி வரி

இந்த வேலையைச் சதுர அடிக்குள் அடக்கினால் உங்களுக்கு நஷ்டம். ரன்னிங் ஃபீட் கணக்கில் தனியாக எழுதுங்கள். மெட்டீரியல் தனி, தண்ணீர் நிரப்பிக் காத்திருக்கும் நாள் தனி. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்.

7. பேப்பரும் பலம்தான்

18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எல்லாம் அங்கே தரும் பதிவு அட்டை வழியாகத்தான். பள்ளி முடிக்காதவர்களும் கைத்திறனுக்குச் சான்றிதழ் வாங்கலாம். 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் கௌஷல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழிலை மதிப்பிட்டுச் சான்று தரும் பிரிவு உண்டு. பெரிய பில்டரிடம் போகும்போது கையில் ஒரு சான்று இருப்பது நல்லது.

சிலிக்கான் கன், ஒரு ட்யூப், பேக்கர் ராட், மாஸ்கிங் டேப். எல்லாம் சேர்த்தாலும் ஒரு டைல்ஸ் மேஸ்திரியின் ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். இந்த வாரமே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.