ஆழமா, பரப்பா?

திருவனந்தபுரம்

அன்புள்ள கயல்,

மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் ஓடும் கரமனையாறு குழாயில் மட்டும் எப்படித் தெளிந்து வருகிறது, படிவுத் தொட்டியை இன்னும் ஆழமாக வெட்டினால் இன்னும் தெளியாதா என்று கேட்டிருந்தாய்.

இந்த ஊருக்கு 1933-இல் குழாய்த் தண்ணீர் வந்தது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்த திட்டம் அது. அன்றும் இன்றும் அருவிக்கரையில் தேங்கும் கரமனையாறுதான் ஆதாரம்.

அந்த ஆறு அள்ளிவரும் மணலைப் பற்றிக் கவலையில்லை. 0.1 மில்லிமீட்டர் மணல் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள களிமண் துகளுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. போதாததற்கு, களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. பிறகு நீரை மெதுவாகக் கலக்கினால் துகள்கள் ஒட்டித் திரளாகின்றன. வேகமாகக் கலக்கினால் திரள் உடைந்துவிடும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இப்படித் திரளவைக்கத்தான்.

இனி உன் தொட்டிக்கு வருவோம். 3 மீட்டர் ஆழத் தொட்டியில் நீர் இரண்டு மணி நேரம் தங்குகிறது என்று வை. மேலே நுழையும் திரள் மணிக்கு 1.5 மீட்டராவது இறங்கினால்தான் வெளியேறுவதற்குள் அடியைத் தொடும். ஆழத்தை 6 மீட்டர் ஆக்கு. நீர் நான்கு மணி நேரம் தங்கும்; ஆனால் இறங்கவேண்டிய தூரமும் 6 மீட்டர். வேண்டிய வேகம் அதே 1.5 மீட்டர்தான்! 1904-இல் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: பலன் தருவது தொட்டியின் பரப்பு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. தாளில் ஒருமுறை நீயே போட்டுப் பார். ஆழம் அடியோடு வீண் என்று எண்ணிவிடாதே. தொட்டியின் ஆழம் மிகவும் குறைவாக இருந்தால் ஓட்டம் படிந்த சேற்றைக் கிளப்பிவிடும்.

தெளிந்த நீரிலும் நுண்துகளும் கிருமியும் மிஞ்சும். அதற்காகவே பின்னால் மணல் வடிகட்டியும் குளோரினும்.

மறுபடி தொட்டிக்கு வந்தால், நிலத்தைக் கூட்டாமல் அதன் பரப்பைக் கூட்டவும் வழி உண்டு. தொட்டிக்குள் பலகைகளை அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு தரைதான்; திரள் சில சென்டிமீட்டர் இறங்கினாலே போதும். சேறு தானாக வழுக்கி விழும்படி அவற்றைச் சுமார் 60 பாகை சாய்த்து வைக்கிறார்கள்.

அன்புடன்,
மாமா