ஹார்டு மோடு வேண்டாம், மாதத்தைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கேமை ஆடிப் பார்த்தேன். போடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு தனியாளாக இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறாய், அதற்கே ஒரு சபாஷ் போடலாம். மலை அச்சு அசலாக நம்ம மலை. ஆனால் நீ பாராட்டைக் கேட்கவில்லை. "ஹார்டு மோடு போதுமான அளவு கஷ்டமா இருக்கா அண்ணே, ரியலா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். கஷ்டமாக இருக்கிறது. ரியலாக இல்லை.

உன் ஹார்டு மோடில் பசிக்கோடு இரண்டு மடங்கு வேகமாக இறங்குகிறது. காட்டுப்பன்றி ஒரே முட்டில் ஆளைச் சாய்க்கிறது. தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் நிறைவதில்லை. எல்லாம் எண்ணைக் கூட்டிக் குறைத்து வரவழைத்த கஷ்டம். இதே எண்களை சைபீரியக் காட்டில் போட்டாலும் கேம் ஓடும். குரங்கணிக்கும் மேகமலைக்கும் உரிய கஷ்டம் இதில் எங்கே இருக்கிறது?

குறிப்பாக, தீ. உன் கேமில் பொழுது சாய்ந்ததும் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுகிறோம். குளிர் போகிறது, விலங்குகள் விலகுகின்றன, கேமும் அங்கேயே சேவ் ஆகிவிடுகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். நீயும் 'தி லாங் டார்க்' நிறைய ஆடியிருப்பாய். கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ 2014இல் அரைகுறையாக வெளியிட்டு 2017இல் முழுதாகக் கொடுத்த கேம் அது. வடகனடாவின் பனியில் விமானம் விழுந்து தனியாக மாட்டிக்கொண்டவனுக்குக் குளிர்தான் முதல் எமன். அவனுக்கு ஒரு தீக்குச்சி ஒரு நாள் ஆயுள். அங்கே அது நியாயம். மாசி, பங்குனியில் நம் புல்மேட்டில் தீக்குச்சியை உரசுகிறவனை ஊரே சேர்ந்து அடிக்க வரும்.

2018 மார்ச் 11 உனக்கு நினைவிருக்கும். கொழுக்குமலை வரை ஏறிவிட்டுக் குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த நிகழ்ச்சியை ஒரு லெவலாக வைக்கும் எண்ணம் உன் குறிப்பில் இருக்கிறது. வேண்டாம். அந்தக் குடும்பங்கள் இன்னும் நம்மோடு வாழ்கின்றன. அந்தச் சரிவு தீயை எப்படி நடத்துகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்.

காற்று இல்லாவிட்டாலும் தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். சுவாலை சரிவோடு சாய்ந்து, மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. அதே சரிவில் முதுகுப்பையோடு ஏறும் மனிதனின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். இந்த இரண்டு கணக்கையும் கோடில் எழுது. வேறெந்த எண்ணையும் தொடாதே. ஆடுகிறவன் முதல் தடவை பயத்தில் மேலே ஓடுவான், மாட்டுவான். அடுத்த தடவை பாறைத் திட்டையும், ஏற்கெனவே எரிந்து கருகிய தரையையும் கண் தேடும். அவனை அவ்வளவு தூரம் கொண்டுவந்த கஷ்டத்தில் ஒரு பொய்யும் இருக்காது.

ஆகவே தொடக்கத் திரையில் ஈஸி, நார்மல், ஹார்டு என்று கேட்பதை நிறுத்து. எந்த மாதம் மலையேறப் போகிறாய் என்று கேள். 'லாங் டார்க்'கிலும் 'இன்டர்லோப்பர்' என்ற கடும் மோடு வெறும் எண் மாற்றம் அல்ல; அதில் துப்பாக்கியே கிடைக்காது, கத்தியைக்கூடத் தானே உலையில் அடித்துக்கொள்ள வேண்டும். மோடை மாற்றினால் உலகம் மாறுகிறது. நம் பள்ளத்தாக்கில் அந்த வேலையை மாதமே செய்துவிடும். ஆடியில் குமுளியில் மழை கொட்டும், மலையிறங்கி லோயர்கேம்ப் வந்தால் சாரல், கம்பத்தில் வெறும் காற்று. சில மைல் தூரத்தில் மூன்று வானிலை! மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். மேற்கே போகிற மழைநீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி 1895இல் பெரியாறு அணையைத் திறந்ததும் இதற்காகத்தான். ஐப்பசியில் கதை தலைகீழ். மழை நம் பக்கம் திரும்பும், சுருளி அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். பங்குனியில் ஊற்றுகள் வற்றும், புல் காயும். உன் வரைபடம் மூன்று மாதத்துக்கும் ஒன்றே. தண்ணீர் இருக்கும் இடம் மட்டும் மாறட்டும், போதும்.

அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேகமலையில் அட்டை கடித்தால் உன் கேமில் திரை சிவந்து, ஆள் "ஆ" என்று கத்துகிறான். யார் கத்துகிறார்கள்? அட்டை ஏறுவதும் தெரியாது, கடிப்பதும் தெரியாது. கால் பிசுபிசுக்கிறதே என்று ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். அட்டையோ வயிறு நிறைந்து எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் ஒழுகல் மட்டும் நிற்காது. போலந்துக்காரர்கள் அமேசானை வைத்துச் செய்த 'கிரீன் ஹெல்' இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதில் கையையும் காலையும் தானே திருப்பிப் பார்த்து அட்டையைப் பிடுங்க வேண்டும். பார்க்க மறந்தவன் மனநிலை சரிந்துகொண்டே போகும். சத்தம் போடாத ஆபத்துதான் காட்டில் அதிகம்.

யானைக்கு நீ ஹெல்த் பார் வைத்திருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன், ஒரு மாதத்துக்குள், 2023 மே 27 காலையில் கம்பம் தெருக்களில் நடந்ததே. ஊருக்கு 144 போட்டு, ஜூன் 5இல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த யானை யாரையும் வேட்டையாட வரவில்லை. அரிசிக்குப் பழகிய வயிறு, தெரியாத இடம், அவ்வளவுதான். யானைக்கு ஒரு வழித்தடம் கொடு, ஒரு தேவை கொடு, நல்ல மூக்குக் கொடு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்குவது மட்டுமே ஆடுகிறவன் வேலையாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் நிஜமாக்கு என்று சொல்லவில்லை. சோறில்லாமல் மனிதன் வாரக்கணக்கில் தாங்குவான், தண்ணீரில்லாமல் மூன்று நாள் தாண்டுவதே பெரிய பாடு. அப்படியே வைத்தால் எவனும் ஆடமாட்டான். காலத்தைச் சுருக்கிக்கொள், ஆனால் வரிசையைக் கலைக்காதே. முதலில் தண்ணீர், கடைசியில்தான் பசி. உன் கேமில் தாகம் எடுப்பதற்குள் பசியால் செத்துப்போகிறார்கள்.

கனடாவாழ் தமிழர்கள் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வை ஆடியிருக்கிறாயா? அழிந்துபோன சமையல் குறிப்பில் விடுபட்ட படியை ஊகித்துச் சமைக்க வேண்டும். மறுவருஷம் பாப்டா விருது வாங்கியது. அதில் வருகிற சிக்கல் எல்லாம் அடுப்படிச் சிக்கல்தான், வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவந்து ஒட்டவில்லை. காட்டுக்கும் அப்படிச் செய்.

அடுத்த பில்டைக் கேமர்களிடம் மட்டும் கொடுக்காதே. விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காக்களிடம் மொபைலை நீட்டு. "இந்தப் பக்கமா எவனாச்சும் இறங்குவானா?" என்று அவர்கள் சிரிக்கும் இடமெல்லாம் நீ திருத்த வேண்டிய இடம். மலையில் வாழும் பளியர் பழங்குடியினரிடம் தேன், கிழங்கு பற்றிக் கேட்டு எழுதினால் அதற்குக் கூலி கொடு. அவர்கள் சம்மதித்தால் பெயரையும் போடு. அவர்கள் அறிவை 'ஸ்கில் பாயிண்ட்' ஆக்கிக் கடையில் விற்காதே.

நீயும் ஒருமுறை ஏறிவிட்டு வா, திருட்டுத்தனமாக அல்ல. வனத்துறை 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். பிப்ரவரி நடுவில் தீக்காலத்துக்காக மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே போய்விடு.

அன்புடன்,
சின்னமனூர் அண்ணன்