வயதான கினிப்பன்றிக்குத் திடீர் நோய்: முதல் சில மணி நேரம்

கினிப்பன்றி பன்றி இனத்தைச் சேர்ந்ததும் அன்று, கினி நாட்டில் தோன்றியதும் அன்று. அது ஒரு கொறிக்கும் விலங்கு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் அறிவியல் பெயர் கேவியா போர்செல்லஸ். சிங்கப்பூரில் முயல், வெள்ளெலி ஆகியவற்றைப் போலவே கினிப்பன்றியையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி உண்டு.

அதன் ஆயுள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள். நீங்கள் தொடக்கநிலை மூன்றில் படித்தபோது வாங்கிய குட்டி, நீங்கள் உயர்நிலை இரண்டுக்கு வருவதற்குள் முதுமை அடைந்துவிடும். அதன் பிறகு ஒருநாள் அது உணவைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடக்கும். “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது” என்று வீட்டில் எல்லாரும் திகைப்பார்கள். அந்த நேரத்தில் அதன் உடலில் என்ன நடக்கிறது? நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

நோயை மறைக்கும் இயல்பு

காட்டில் கினிப்பன்றியின் மூதாதையர்கள் பருந்து, நரி போன்ற வேட்டை விலங்குகளுக்கு இரையாக இருந்தவை. நொண்டும் விலங்கையும் சோர்ந்த விலங்கையும்தான் வேட்டை விலங்கு முதலில் குறிவைக்கும். அதனால் வலியை வெளிக்காட்டாத விலங்குகளே பிழைத்தன. வீட்டுக் கூண்டில் பாதுகாப்பாக வாழ்ந்தாலும் அந்த இயல்பு மாறவில்லை.

ஆகவே நாம் “திடீர் நோய்” என்று சொல்வது பெரும்பாலும் திடீரென வந்ததாக இருக்காது. பல நாள்களாக உள்ளே வளர்ந்த சிக்கலை இனியும் மறைக்க முடியாத நிலையில்தான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. முதிய கினிப்பன்றிகளிடம் அடிக்கடி காணப்படுபவை பல் வளர்ச்சிக் கோளாறு, சிறுநீர்ப்பைக் கல், நுரையீரல் தொற்று, பெண் விலங்குகளில் சூலக நீர்க்கட்டி ஆகியவை.

குடல் நின்றால் ஆபத்து

கினிப்பன்றிக்கு 20 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாரும் கரடுமுரடும் உள்ள புல்லை நாள் முழுவதும் அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கின்றன. தேயாத பல், நாக்கையோ கன்னத்தையோ குத்தும். அப்போது பசி இருந்தும் அதனால் மெல்ல முடியாது.

அது தின்னும் புல்லைச் செரிப்பதில் பெரும்பங்கு நுண்ணுயிரிகளுடையது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. இந்த ஏற்பாட்டுக்குத் தொடர்ந்து நார் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

உணவு நின்றால் குடலின் அசைவு குறையும். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்து, வாயுவை உண்டாக்குபவை பெருகும். வயிறு உப்பி வலிக்கும். வலியால் விலங்கு இன்னும் உண்ணாமல் இருக்கும். உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அதன் சுமை கல்லீரலில் இறங்கும். நாயும் பூனையும் ஒருவேளை உணவைத் தவிர்த்தால் அது பெரிய செய்தி இல்லை. கினிப்பன்றி 12 மணி நேரம் உண்ணாமல் இருந்தால் அதுவே அவசரநிலை. முதிய விலங்கிடம் உடல் இருப்பு குறைவு என்பதால் காத்திருக்க இன்னும் குறைவான நேரமே உண்டு.

நம்மோடு பகிர்ந்துகொள்ளும் குறை

பெரும்பாலான பாலூட்டிகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. மனிதர்களாலும் கினிப்பன்றிகளாலும் அது முடியாது. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்குத் தேவையான நொதி இரு இனத்திலும் இல்லை.

1907ஆம் ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர் வேறொரு நோயை ஆராய, கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். அவற்றுக்கு, கடலோடிகளைக் கொன்றுவந்த ஸ்கர்வி நோய் வந்தது. வைட்டமின் சி கண்டுபிடிக்கப்படுவதற்கு அந்தச் சோதனை வழி திறந்தது.

நோயுற்ற முதிய கினிப்பன்றிக்கு இந்தக் குறை இரட்டைச் சுமை. உண்ணாதபோது வைட்டமின் சி வருவதில்லை. அதே வேளையில் நோயை எதிர்க்க உடலுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. மூட்டு வலித்து, நகரவே மறுக்கும் விலங்கைப் பார்த்து “வயதாகிவிட்டது” என்று நாம் விட்டுவிடக்கூடும். காரணம் ஸ்கர்வியாகவும் இருக்கலாம்.

தேக்கா ஈரச்சந்தையில் கிடைக்கும் சிவப்புக் குடமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவை இதற்கு உதவும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கொடுக்கவே கூடாது. முருங்கைக்கீரையில் கால்சியமும் பசலைக்கீரையில் ஆக்சலேட்டும் மிகுதி. சிறுநீர்க்கல் வரக்கூடிய முதிய விலங்குக்கு இவற்றை நாள்தோறும் கொடுப்பது நல்லதன்று. வைட்டமின் சியைக் குடிநீரில் கரைத்து வைப்பதாலும் பயனில்லை. அது நீரில் விரைவாகச் சிதைந்துவிடும்.

சிங்கப்பூர் வெயில்

கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. இங்கே பகலில் 31, 32 டிகிரியை எட்டுவது வழக்கம். காற்றில் ஈரப்பதமும் அதிகம். கினிப்பன்றிக்கு நம்மைப்போல் வியர்க்காது. நாயைப்போல் மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்கவும் தெரியாது. அடர்ந்த ரோமம் வேறு. பிற்பகல் வெயில் விழும் சன்னலோரத்திலோ காற்றோட்டம் இல்லாத அறையிலோ கூண்டு இருந்தால், காலையில் துள்ளிய விலங்கு மாலைக்குள் வெப்பத்தாக்குதலில் விழக்கூடும்.

உடனே மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகள்

• 12 மணி நேரமாக உணவைத் தொடவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை.
• வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சு விடும்படி அமைந்த விலங்கு. வாய் திறக்கிறது என்றால் மூச்சுத்திணறல் முற்றிவிட்டது என்று பொருள்.
• வயிறு மத்தளம்போல் இறுகி உப்பியிருக்கிறது.
• சிறுநீரில் இரத்தம். சிறுநீர் கழிக்கும்போது முதுகை வளைத்துக் கீச்சிடுகிறது.
• தலை ஒருபக்கம் சாய்கிறது, வலிப்பு வருகிறது, அல்லது எழுந்து நிற்க முடியவில்லை.
• உமிழ்நீர் ஒழுகி, உடல் சூடேறித் துவண்டு கிடக்கிறது.

மருத்துவரை அடையும்வரை

முதலில் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். வயது, எடை, கடைசியாக உண்ட நேரம், புழுக்கையின் அளவு, காணும் அறிகுறி ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

விலங்கை அமைதியான, மங்கலான வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். அடிக்கடி தூக்காதீர்கள். அச்சமே அதன் நிலையை மோசமாக்கும். தூக்க நேர்ந்தால் ஒரு கையை மார்புக்கடியிலும் மறு கையை பின்பகுதிக்கடியிலும் கொடுத்துத் தாங்குங்கள்.

வெப்பத்தாக்குதல் என்றால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றுங்கள். மெதுவாக விசிறுங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும்.

உணவை அருகில் வைக்கலாம், வாயில் திணிக்கக்கூடாது. மயங்கிய விலங்குக்கு ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உப்பிய வயிற்றுக்குள் மேலும் செலுத்துவதும் ஆபத்து. ஊசியில்லாக் குழாயால் ஊட்டும் முறையை மருத்துவர் சொல்லித் தந்தபின் செய்யலாம்.

நம் மருந்து அதற்கு நஞ்சு

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையில் கொஞ்சம் கொடுத்தால் என்ன? இதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் பென்சிலினை எட்டு எலிகளிடம் சோதித்து வெற்றி கண்டார்கள். 1943இல், அதே மருந்து கினிப்பன்றிகளைக் கொல்வதை வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக்ஸ்ஃபர்டில் எலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தேர்ந்தெடுத்திருந்தால் பென்சிலின் ஆபத்தானது என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

இதற்குக் காரணம் மேலே பார்த்த சீக்கம்தான். பென்சிலின், அமாக்சிசிலின் ஆகியவை அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் கிளோஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நஞ்சைச் சுரக்கும். கினிப்பன்றிக்கு ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் வேறு. எதை, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

நள்ளிரவில் எங்கே போவது?

எல்லா விலங்கு மருந்தகங்களும் கினிப்பன்றியைப் பார்ப்பதில்லை. எல்லாம் இரவில் திறந்திருப்பதும் இல்லை. பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு பிராணிகளுக்கு அனுமதி கிடையாது. தீபாவளிக்கு முந்திய இரவில் சிராங்கூன் சாலையில் டாக்சி பிடிப்பது எவ்வளவு கடினம் என்று லிட்டில் இந்தியாவில் வசிப்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே விலங்கு நலமாக இருக்கும்போதே மூன்று விவரங்களைக் குறித்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: கினிப்பன்றியைப் பார்க்கும் மருந்தகம் ஒன்று, இரவிலும் விடுமுறையிலும் திறந்திருக்கும் மருந்தகம் ஒன்று, செல்லப்பிராணியை ஏற்றும் வாடகைக் கார் சேவை ஒன்று. உரிமம் பெற்ற மருத்துவர்களின் விவரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் பெறலாம். சிகிச்சைச் செலவைப் பற்றியும் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

செய்து பாருங்கள்

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், எடை பார்த்து வரைபடமாகக் குறியுங்கள். சென்ற வாரம் 1,050 கிராம், இந்த வாரம் 945 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 105 கிராம், அதாவது 10 விழுக்காடு. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒரே வாரத்தில் 5 கிலோ இழந்ததற்கு இது சமம். விலங்கு துள்ளிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைக்கப்பட்ட நோயைத் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

அது ஓய்வாக இருக்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். 15 விநாடியில் எண்ணியதை 4ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 100 வரை இயல்பு.

எல்லாம் செய்தும்

சில வேளைகளில் நேரத்தோடு போனாலும் முதிய விலங்கைக் காப்பாற்ற முடிவதில்லை. வலி தணியாது, குணமாகாது என்ற நிலையில் வலியின்றி உயிர் பிரியச் செய்வதைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும். “இதற்கு இப்போது வலிக்கிறதா? சிகிச்சை கொடுத்தால் தானாக உண்ணும் நிலைக்குத் திரும்புமா?” என்று கேளுங்கள். அந்த விடைகளை வைத்துக் குடும்பமாக முடிவெடுக்கலாம். அழுகை வந்தால் அடக்கவேண்டியதில்லை. தன் வலியைச் சொல்லத் தெரியாத ஓர் உயிரின் வலியைக் கவனித்து அறிந்து அதற்கு ஆனதைச் செய்தவர்கள் நீங்கள்.

சிந்திக்க

1. பூனை ஒருநாள் உண்ணாமல் இருப்பதற்கும் கினிப்பன்றி ஒருநாள் உண்ணாமல் இருப்பதற்கும் என்ன வேறுபாடு? செரிமான அமைப்பைக் கொண்டு விளக்குக.
2. ஒரு மருந்து எலிக்கு நன்மையும் கினிப்பன்றிக்குத் தீமையும் செய்கிறது. மனிதர்களுக்கான மருந்துகளை விலங்குகளிடம் சோதிப்பது பற்றி இது நமக்குச் சொல்வது என்ன?
3. ஒரு கினிப்பன்றி 15 விநாடியில் 33 முறை மூச்சு விடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை முறை? நீங்கள் என்ன செய்வீர்கள்?